சீற் உயரமான சைக்கிள்

நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு, அந்த இத்தாலிய வீட்டுக்கார அம்மாவுக்கு, அமைதி என்றால் உயிர். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, தன்னைப் போன்ற நாலைந்து பேரோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு சிசிலியின் உட்பக்கத்துக்குப் போவார். கார் வராத பாதை, லொறி வராத பாதை, ஹோர்ன் சத்தமே கேட்காத பாதை என்று தேடிப் பிடித்துப் போவார். அந்தப் பாதை தொடங்குகிற இடம் வரைக்கும் காரில்தான் போவார். சைக்கிள் காரின் தலையில் இருக்கும். திங்கட்கிழமை நான் போகும்போது சேறு பிடித்த சப்பாத்தும் வியர்த்த உடுப்பும் குளியலறை வாசலில் குவிந்து கிடக்கும். நான் அவற்றைத் தோய்க்கத் தொடங்கியதும் கோப்பிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்று, தான் அனுபவித்த அமைதியைப் பற்றி வாய் மூடாமல் கதைப்பார்.

பணக்காரருக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும், அது அவர்கள் பாடு. எங்கள் தமிழ் ஆட்களுக்கும் இந்த வருத்தம் தொற்றும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். பலெர்மோவுக்கு வந்த முதல் வருசமே நான் என் மனுசனிடம் கேட்டது ஒரு சைக்கிள்தான். நகையும் கேட்கவில்லை, சேலையும் கேட்கவில்லை. நாங்கள் அன்றும் இன்றும் ஒரேத்தோ என்கிற பகுதியில் இருக்கிறோம். வேலை செய்த வீடுகளெல்லாம் பெரிய ரயில்வே ஸ்டேசனையும் தாண்டி நகரத்தின் மற்றப் பக்கத்தில். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தரிப்பிடத்துப் பலகையில் வடிவாக எழுதியிருக்கும். பஸ்தான் வராது. அதனால் நடப்பேன். ஒரு வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுத் தரைக்கு நடப்பேன். ஒரு பழைய சைக்கிள் இருந்தால் போதும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் பாடம்.

"இத்தாலிக்கு வந்து சைக்கிள் ஓடுறதோ? சனம் பாத்தால் என்ன நினைக்கும்?"

அந்த நாளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் கழிவறை கழுவினோம். அது சனத்துக்குத் தெரியாது, கதவுக்குள்ளே நடக்கிற அலுவல். சைக்கிள் றோட்டில் ஓடும், எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆட்களின் மானம் முழுக்க றோட்டில்தான் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு வருசமும் ஒருக்கால் கேட்டுப் பார்ப்பேன். "பிறகு பாப்பம்" என்பார். இவரிடமிருந்து எந்தக் கேள்விக்கும் வருகிற மறுமொழி அதுதான். அதைக் கேட்டுக் கேட்டே என் முழங்கால் தேய்ந்தது.

நான் சைக்கிள் கண்டு ஏங்குகிற ஆளுமில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிள் ஓடினது ஆசைக்கில்லை, சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாதபடியால் ஓடினோம். ரியூசனுக்கும் சைக்கிள், ஆசுபத்திரிக்கும் சைக்கிள், விறகுக்கும் சைக்கிள். அந்த றோட்டுகளிலும் வாகனம் இருக்கவில்லை. அதை ஒருவரும் அமைதி என்று சொன்னதில்லை.

இனி எங்கள் ஆட்களின் சைக்கிள் கூட்டத்துத் தலைவரின் கதைக்கு வருகிறேன். ஆர் அவரைத் தலைவராக்கினது என்று கேட்டால் அவரேதான். ஒரு பெரிய மாடிக் கட்டடத்தில் வாசல் பார்க்கிற வேலை அவருக்கு. அங்கே குடியிருக்கிற ஒரு டொக்டர் ஞாயிறு தோறும் இறுக்கமான உடுப்புப் போட்டுக்கொண்டு சைக்கிளோடு வெளியே போவதைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. கோவிலில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு இருந்த இடத்தில் கதை எடுத்தார். உடம்புக்கு நல்லது, சீனி வருத்தம் குறையும், இளம் பிள்ளைகளுக்கு முன்மாதிரி என்றார். மலைப்பக்கமாகப் போன பழைய ரயில் பாதையில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்களாம். மருந்துக்கும் வாகனம் வராதாம். சோறு உள்ளே இறங்க இறங்க எல்லோரும் தலையாட்டினார்கள். என் மனுசன் மற்றவர்களைவிடக் கூட ஆட்டினார்.

அடுத்த கிழமை அவர் ஒரு சைக்கிளோடு படியேறி வந்தார். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. கறுப்பு நிறம், மெல்லிய சில்லு, கரியர் இல்லை, மணி இல்லை, ஸ்டாண்டும் இல்லை. இதிலே ஒரு தேங்காய்கூடக் கொண்டுவர முடியாதே என்றேன். இது அதற்கில்லை என்றார். வீட்டு நடையில் சுவரோடு சாத்தி, என் நல்ல படுக்கை விரிப்பால் மூடி வைத்தார். காலையும் மாலையும் விரிப்பை நீக்கித் துணியால் துடைத்தார். ஊரார் வீட்டையெல்லாம் துடைக்கிற மனுசன் சொந்த வீட்டில் துடைத்த முதல் சாமான் அது.

சனம் என்ன நினைக்கும் என்று நான் கேட்டேன். இப்ப காலம் மாறிப்போச்சு, பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஓடுகினம் என்றார். நான் கேட்டபோது அது ஏழையின் சாமான். சிஞ்ஞோராவும் டொக்டரும் ஏறி இருந்ததும் அது கௌரவம். ஆனாலும் ஆசை விடவில்லை. அந்தப் பயணத்தில் ஒரு ஸ்டேசனிலிருந்து அடுத்த ஸ்டேசன் வரைக்குமாவது என்னை ஓட விடுங்கோ என்று கேட்டேன். காரும் வானும் வரும், பொம்பிளையள் வானில் வருவார்கள், சாப்பாட்டை ஆர் கொண்டுவருவது என்றார். அதற்குப் பிறகாவது தருவீங்களோ என்றேன்.

"பிறகு பாப்பம்."

அந்த ஞாயிறு வந்தது. வாகனமில்லாத பாதையில் போவதற்கு எங்கள் ஆட்கள் ஒரு வானிலும் இரண்டு காரிலும் புறப்பட்டார்கள். ஆண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. முன்னுக்கு வேல், பின்னுக்கு மயில். கடைக்காரன் மெலிந்த இத்தாலியப் பெடியன்களின் அளவில்தான் அடித்துக் கொடுத்திருந்தான். எங்கள் ஆட்களின் வண்டி வயிற்றில் அந்த வேல் வளைந்து போயிருந்தது. நாங்கள் பெண்கள் விடிய முன்னம் எழும்பிச் சமைத்த ஆட்டிறைச்சிக் கறியும், சோறும், கத்தரிக்காய்ப் பொரியலும், றோல்ஸும் வானுக்குள் இருந்தன. சீனி வருத்தத்தைக் குறைக்கப் போகிற பயணத்துக்குப் பால்கோவாவும் கேட்டிருந்தார் தலைவர்.

பாதையின் தொடக்கத்தில் பூசை. கோவில் ஐயரையும் கூட்டி வந்திருந்தார்கள். புது வாகனத்துக்குச் செய்வது போலவே ஒவ்வொரு சைக்கிளுக்கும் சந்தனம், குங்குமம், பூ. ஒவ்வொரு சில்லுக்கும் கீழே ஒரு தேசிக்காய். தேசிக்காயை நசித்துக்கொண்டு புறப்பட்டால்தான் கண்ணூறு கழியும். லொறிச் சில்லுக்கு அது சரி. இந்த மெல்லிய சில்லுக்குத் தேசிக்காய் நசியவில்லை, உருண்டது. தலைவர் ஏறி உழக்கியதும் முன்சில்லு ஒரு பக்கம் போக, அவர் ஐயரின் மேல் சாய்ந்தார். ஐயர் விபூதித் தட்டோடு பற்றைக்குள் போனார்.

அது காணாது என்று, தேங்காயைப் பாதையின் நட்ட நடுவில் உடைத்தார்கள். அந்தச் சிரட்டைத் துண்டுகளின் மேலேயே எல்லோரும் வரிசையாகப் புறப்பட்டார்கள். முதல் வளைவு வருவதற்குள் இரண்டு பேருக்குக் காற்றுப் போய்விட்டது. எங்கள் ஆட்களுக்கு ஒட்டுப் போடத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். ஆனால் ஒட்டுப் போடுகிற சாமான் வானுக்குள். தண்ணீர் வானுக்குள். தலைவரின் மருந்துக் குளிசையும் வானுக்குள். வான் அதற்குள் எங்களையும் ஏற்றிக்கொண்டு பெரிய றோட்டால் போய்விட்டது. வாகனம் வராத பாதை என்றால் தங்கள் வானும் வராது என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

நாங்கள் நடு ஸ்டேசனில் காத்திருந்தோம். ரயில் நின்று எத்தனையோ வருசமான சின்ன ஸ்டேசன். கூரை பாதி இல்லை. பிளாட்பாரம் மட்டும் உறுதியாக இருந்தது. முந்தித் தண்டவாளம் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் பாதை போகிறது. நாங்கள் பிளாட்பாரத்தில் பாய் விரித்து, சட்டிகளை இறக்கி, கோப்பைகளை அடுக்கி முடித்தோம். கறி ஆறியது. மூடி வைத்தோம். அதற்கும் கனநேரத்துக்குப் பிறகு வந்தார்கள். பாதிப் பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என் மனுசன் வந்த வரத்துக்குச் சைக்கிளைப் பிளாட்பாரத்தின் கரையில் சாத்திவிட்டு, பாயில் விழுந்து, தொடை பிடித்துவிட்டது என்று முனகினார். தண்ணீரைக் குடித்த குடியில் எனக்குப் பாவமாகவும் இருந்தது. பாவம் கறி ஊற்றுகிற வரைக்கும்தான் நின்றது. மூன்றாந்தரம் சோறு போடச் சொன்ன தொடை வலிக்காரனை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் கூட்டம் போட்டார்கள். மிச்சப் பாதையில் ஏற்றமும் இருக்கிறதாம், சுரங்கமும் இருக்கிறதாம், வெயிலும் கூடவாம். தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். சைக்கிள்களை வானில் ஏற்றுவது. ஆட்கள் காரில் ஏறுவது. கடைசி ஸ்டேசனுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, கடைசி வளைவை மட்டும் ஓடி, சிவப்பு ரிபனை அறுத்து வீடியோ எடுப்பது. ரிபன் ஏற்கெனவே வாங்கியிருந்தது, அதை வீணாக்கக் கூடாதாம். ஒருவர்கூட மறுக்கவில்லை. பால்கோவா வந்தது.

என் மனுசனின் சைக்கிள் பிளாட்பாரத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்றது. நான் மேலே நின்றேன், அது கீழே நின்றது. சீற் என் இடுப்புக்கும் கீழே இருந்தது. நிலத்தில் நின்றால் அதில் ஏற எனக்குக் கால் எட்டாது, அவர் தன் உயரத்துக்கு வைத்திருந்தார். பிளாட்பாரத்தில் நின்றால் எட்டும். இதை வானில் ஏற்றினால் பிறகு நடையில் விரிப்பால் மூடிவிடுவார்கள். இனி எப்போது கேட்டாலும் "பிறகு பாப்பம்"தான்.

நான் ஓட்டிக்கொண்டு வாறன் என்று சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள். அவர் படுத்தபடியே, விசர்க் கதை கதையாமல் சட்டியைக் கழுவும் என்றார். நான் கையிலிருந்த சட்டியை அவரின் காலடியில் வைத்தேன். காலைத் தூக்கிப் போட்டேன். வேலைக்குப் போடுகிற காற்சட்டை போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. மற்றக் காலால் பிளாட்பாரத்தைத் தள்ளிவிட்டு உழக்கினேன். பின்னால் பெரிய சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் விழுந்திருப்பேன்.

கொஞ்சத் தூரம் போன பிறகுதான் மூளை வேலை செய்தது. பிளாட்பாரம் இருந்தபடியால் ஏறினேன். இறங்குவதற்கும் பிளாட்பாரம் வேண்டும். கால் நிலத்தில் முட்டாது. நின்றால் விழ வேண்டியதுதான். அடுத்த பிளாட்பாரம் கடைசி ஸ்டேசனில்தான் இருக்கிறது. ஏற்றம் என்றாலும் சுரங்கம் என்றாலும் நான் இனி நிற்க முடியாது.

ஏற்றம் அவர்கள் சொன்ன அளவுக்கில்லை, ரயில் ஏறின ஏற்றம். நான் ஒவ்வொரு நாளும் வாளியோடு ஏறுகிற மாடிப்படி இதைவிட மோசம். ஒரு வளைவில் செம்மறிக் கூட்டம் பாதையை அடைத்து நின்றது. மணியும் இல்லை. விலத்துங்கோ, விலத்துங்கோ என்று தமிழில் கத்தினேன். மேய்ப்பன் என்னைப் பார்த்த பார்வையில், மாதாவே வந்தாலும் இப்படிப் பார்த்திருக்கமாட்டான். ஆடுகள் விலத்தின. ஆட்களைவிட ஆடுகளுக்குச் சொன்னால் விளங்குகிறது.

பிறகு சுரங்கம் வந்தது. உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. போன் பொக்கற்றில் இருந்தது, எடுக்கக் கை விடமுடியாது. எனக்குப் பயம் பிடித்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. மேலேயிருந்து தண்ணீர் கழுத்தில் சொட்டியது. முருகனையும் கூப்பிட்டேன், என் மனுசனைத் திட்டவும் திட்டினேன். இரண்டையும் மாறி மாறிச் செய்தபடி உழக்கினேன். தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அது பெரிதாகி என்னை வெளியே விட்டபோது முன்னால் கோதுமை வயலும், மஞ்சள் பூவும், அதற்கு அங்கால் நீல மலையும் கிடந்தன. பாதை இறக்கம். உழக்கத் தேவையில்லை. சைக்கிள் தன்பாட்டில் ஓடியது.

அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆரும் என்னைக் கூப்பிடவில்லை. தண்ணீர் கொண்டா, சாவி எங்கை, சட்டையை மினுக்கிப் போட்டாயோ என்று ஒருவரும் கேட்கவில்லை. சிஞ்ஞோரா சொன்னவற்றில் இது ஒன்று உண்மை. நான் சந்தோசப்பட்டேன். இவ்வளவு வருசம் இந்தத் தீவில் இருந்தும், இதன் தரையைத் துடைத்ததைத் தவிர வேறொன்றும் நான் செய்யவில்லை என்று நினைக்க அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. காற்றுத் துடைத்தது.

கடைசி ஸ்டேசனில் எங்கள் ஆட்கள் எனக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தார்கள். வீடியோவில் தெரியக்கூடாது என்று வானையும் காரையும் கட்டடத்துக்குப் பின்னால் ஒளித்திருந்தார்கள். போத்தல் தண்ணீரை முகத்தில் தெளித்து வியர்வையும் தயாராக இருந்தது. பாதைக்குக் குறுக்கே சிவப்பு ரிபன். அந்தப் பக்கத்தில் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கத்தில் ஆண்களெல்லாம் சைக்கிளில் ஏறப் போகிற நேரம், நான் வளைவில் வந்தேன்.

"அக்கா, விலத்துங்கோ, வீடியோ ஓடுது" என்று தலைவர் கத்தினார்.

"நீங்கள் விலத்துங்கோ, எனக்கு இறங்கேலாது."

விலத்தினார்கள். ரிபன் என் நெஞ்சில் பட்டு அறுந்து, கழுத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. நான் நேரே பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்து நின்றேன். பெண்கள் ஓடி வந்து என்னை இறக்கினார்கள். ஒருத்தி கை தட்டினாள். அவள் புருசன் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டாள்.

என் மனுசன் வந்தார். தொடை வலி போய்விட்டது போல, வேகமாகத்தான் வந்தார். என்னை அல்ல, குனிந்து முன்சில்லைப் பார்த்தார். பிறகு பின்சில்லைப் பார்த்தார்.

"சைக்கிளுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

"எனக்கும் ஒண்டும் நடக்கேல்லை" என்றேன்.

தலைவர் ரிபனை என் கழுத்திலிருந்து எடுத்து முடிச்சுப் போட்டார். திரும்பவும் எடுக்கவேண்டும் என்றார். போன் பிடித்தவரும் இந்தமுறை வீடியோவில் வர விரும்பினார். ஆகவே போன் என் கைக்கு வந்தது. ஆண்கள் வளைவிலிருந்து வரிசையாக வந்தார்கள், கையைத் தூக்கினார்கள், முடிச்சுப் போட்ட ரிபனை அறுத்தார்கள், வேல் வேல் என்றார்கள். கழுத்தில் பதக்கம் வேறு போட்டுக்கொண்டார்கள். அன்று பின்னேரமே அது வட்சப்பில் கனடா வரைக்கும் போயிற்று. எல்லோரும் பெருவிரலைத் தூக்கியிருந்தார்கள். யாரோ ஒருவர் மட்டும், படம் ஏன் இப்படி ஆடுது, கமெரா பிடிச்ச ஆள் சரியில்லை என்று எழுதியிருந்தார். அவ்வளவு தூரம் சைக்கிளை இறுக்கிப் பிடித்த கை இன்னும் நடுங்கியது, அதனால் ஆடியது. அந்த வீடியோவில் நான் இருக்கிற இடம் அந்த ஆட்டம்தான்.

வீட்டுக்கு வந்ததும் நான் படுத்துவிட்டேன். நடையில் அவர் எதையோ உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. துடைக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டே நித்திரையாகிவிட்டேன்.

திங்கள் காலை வேலைக்கு வெளிக்கிட்டு நடைக்கு வந்தேன். இன்றைக்கு நான் கேட்கப் போவதில்லை, எடுக்கப் போகிறேன் என்று முடிவு செய்திருந்தேன். விரிப்பை இழுத்தேன். சீற் இறங்கியிருந்தது. அவர் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்.

"இறக்கி விட்டிருக்கிறன். இனிக் கால் முட்டும்" என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்து பார்த்தேன். கால் முட்டியது. முழங்கால் நெஞ்சிலும் முட்டியது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வைத்தது போல அடியோடு இறக்கி வைத்திருந்தார். இவ்வளவு பதிவாய் ஏன் என்று கேட்டேன். நீர் இவ்வளவுதானே என்று, கோப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார்.

நான் சைக்கிளிலிருந்து இறங்கிப் போய் அவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். என் தலை அவரின் காதுக்கு வந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ஒரு வீட்டில் ஒரு கட்டிலில் இத்தனை வருசம் கூட இருந்த மனுசன்.

சீற்றை இறக்கி ஏற்றுகிற சாவியைத் தாங்கோ என்றேன். பொக்கற்றிலிருந்து எடுத்துத் தந்தார். நானே உயர்த்தினேன், என் அளவுக்கு. இறுக்கிவிட்டுச் சாவியை என் பொக்கற்றில் போட்டேன். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன். கீழே ஒரேத்தோ முழுக்கக் காரும் ஸ்கூட்டரும் லொறியும் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றன. வேலைக்குப் போகிற எங்கள் சனமும் தரிப்பிடத்தில் வராத பஸ்ஸைப் பார்த்து நின்றது. எல்லோரும் பார்க்கப் பார்க்க ஏறி இருந்தேன்.

அவர் மேலே பல்கனிக்கு வந்து, சீற் சாவியைத் தந்திட்டுப் போமன், எனக்கும் ஞாயிற்றுக்கிழமை வேணுமெல்லோ என்றார்.

"பிறகு பாப்பம்" என்றேன்.